குதிரையின் காலும் டாக்டர் ஹண்டரின் காலும்

குதிரைப் பந்தயம் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு குதிரைகள் காற்றாய்ப் பறந்து வருகின்றன. கூட்டம் ஆரவாரம் செய்கிறது. முன்னால் வந்துகொண்டிருந்த குதிரை திடீரென்று தடுமாறுகிறது. வேகம் குறைகிறது. மற்றக் குதிரைகள் அதைத் தாண்டிப் போய்விடுகின்றன. அது முன்காலைத் தரையில் ஊன்ற முடியாமல், நொண்டி நொண்டி வந்து நின்றுவிடுகிறது.

காயம் ஒன்றும் வெளியே தெரியவில்லை. ரத்தம் சிந்தவில்லை. எலும்பும் முறியவில்லை. ஆனாலும் அந்தக் குதிரை பல மாதங்களுக்கு ஓட முடியாது. ஒருவேளை, இனி ஓடவே முடியாமலும் போகலாம்.

காரணம் என்ன? காலுக்குள்ளே இருக்கும் நாண் அறுந்துவிட்டது!

வில்லுக்கு நாண் இருப்பதுபோல் உடம்புக்கும் நாண் உண்டு. சதையை எலும்போடு சேர்த்துக் கட்டியிருக்கும் உறுதியான வெள்ளைக் கயிறு அது. தசைநாண் என்று அதற்குப் பெயர். சதை சுருங்கும்போது நாண் எலும்பை இழுக்கிறது. அதனால்தான் காலும் கையும் அசைகின்றன. நம் குதிகாலுக்குமேல் பின்பக்கம் தொட்டுப் பார்த்தால், விரைப்பான கயிறு ஒன்று கைக்குத் தட்டுப்படும். அதுதான் குதிகால் நாண்.

அறுந்த நாண் மறுபடியும் கூடுமா? கூடினால் எப்படிக் கூடுகிறது? ஆறப்போட்டால் போதுமா, அறுத்துத் தைக்க வேண்டுமா? 250 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிப் புறப்பட்டார் ஒருவர். அதற்கு அவரைத் தூண்டியது அவருடைய சொந்தக் கால்தான். அவர் காலிலேயே நாண் அறுந்துபோயிற்று!

அவர் பெயர் ஜான் ஹண்டர். இங்கிலாந்தில் ரணசிகிச்சையை விஞ்ஞானமாக்கிய மேதை என்று உலகம் போற்றும் டாக்டர்.

பள்ளிக்கூடம் பிடிக்காத பையன்

ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகருக்கு அருகே லாங் கால்டர்வுட் என்ற பண்ணை வீடு. அங்கே 1728-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஜான் பிறந்தார். பெற்றோருக்குப் பத்தாவது பிள்ளை; கடைக்குட்டி.

பையனுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே கசப்பு. புத்தகத்தைத் தொட மாட்டான். வயல் வெளியில் திரிவான். எறும்பும் தேனீயும் என்ன செய்கின்றன, பறவை எப்படி முட்டை இடுகிறது, தவளைக்குஞ்சு எப்படித் தவளை ஆகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். அவனுக்குப் பதின்மூன்று வயதானபோது தந்தை இறந்துவிட்டார். படிப்பில் நாட்டம் இல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு தாய் கவலைப்பட்டாள்.

ஜானின் அண்ணன் வில்லியம் அப்படியல்ல. நன்றாகப் படித்து டாக்டராகி, லண்டன் மாநகரில் பெயரும் புகழும் பெற்றிருந்தார். மனித உடலின் அமைப்பை மாணவர்களுக்குக் கற்பிக்கும் பள்ளி ஒன்றையும் நடத்தி வந்தார். தம்பி ஜான், அண்ணனுக்குக் கடிதம் எழுதிவிட்டு, 1748-ம் ஆண்டு குதிரை ஏறி லண்டனுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபது.

பிரேதங்களை அறுத்து, உள்ளே இருக்கும் சதை, நரம்பு, ரத்தக் குழாய் எல்லாவற்றையும் தனித்தனியே பிரித்துக் காட்ட வேண்டும். அதுதான் அண்ணன் கொடுத்த வேலை. கை தேர்ந்தவர்களே தடுமாறும் வேலை அது. ஆனால் பண்ணைப் பையனின் கைகள் முதல் நாளே அண்ணனை வியக்க வைத்தன. பன்னிரண்டு ஆண்டுகள் போல் ஜான் அந்தப் பள்ளியில் உழைத்தார். புத்தகத்தில் படிக்காததை உடம்பில் படித்தார்.

அந்தப் படிப்புக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. அக்காலத்தில் அறுத்துப் பார்க்கப் பிரேதங்கள் எளிதில் கிடைப்பதில்லை. கல்லறையைத் தோண்டிப் பிணம் திருடி விற்கும் கூட்டம் ஒன்று இருந்தது. லண்டன் பள்ளிகள் அந்தக் கூட்டத்திடம்தான் வாங்கின. ஹண்டர் சகோதரர்களும் அதற்கு விலக்கல்ல.

போர்க்களம் தந்த பாடம்

1760-ல் ஜான் ராணுவத்தில் ரணசிகிச்சை டாக்டராகச் சேர்ந்தார். பிரான்சுக்கு அருகே உள்ள பெல் ஈல் தீவிலும், பிறகு போர்ச்சுகல் நாட்டிலும் காயம்பட்ட சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்தார்.

துப்பாக்கிக் குண்டு பாய்ந்த காயத்தை அந்தக் காலத்து டாக்டர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? கத்தியால் காயத்தை இன்னும் பெரிதாக அறுப்பார்கள். விரலை உள்ளே விட்டுக் குண்டைத் தேடுவார்கள். கத்தியும் கையும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அறியாத காலம் அது. காயம் புரையோடிப் பலர் மாண்டார்கள்.

பெல் ஈல் சண்டையில் காயம்பட்ட சில வீரர்கள், எதிரிக்குப் பயந்து ஒரு வீட்டில் ஒளிந்திருந்தார்கள். சில நாட்கள் அவர்களுக்கு எந்தச் சிகிச்சையும் கிடைக்கவில்லை. பிறகு கண்டெடுத்துப் பார்த்தபோது, டாக்டர்களிடம் அறுபட்டவர்களுக்குக் குறைவில்லாமல் இவர்களுடைய காயங்கள் ஆறிக்கொண்டிருந்தன!

ஜான் ஹண்டரின் மனத்தில் இது ஆழமாகப் பதிந்தது. காயத்தை ஆற்றுவது உடம்பு. டாக்டர் அதற்குத் துணை நிற்க வேண்டும். குறுக்கே நிற்கக் கூடாது. அவசியம் இல்லாமல் காயத்தை அறுக்காதீர்கள் என்று அவர் பிற்காலத்தில் போதித்ததற்கு வித்து அங்கேதான் விழுந்தது.

அறுந்தது குதிகால் நாண்

1763-ல் ஹண்டர் லண்டனுக்குத் திரும்பினார். கையில் பணம் இல்லை. அரைச் சம்பளத்தில் காலம் தள்ளினார். பல் வைத்தியர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்தும் வேலை செய்தார். ஓய்ந்த நேரமெல்லாம் ஆராய்ச்சிதான். 1767-ல் நாட்டின் தலைசிறந்த விஞ்ஞானச் சபையான ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

அதே ஆண்டில்தான் அந்த விபத்து நேர்ந்தது. நடனமாடிக் களைத்திருந்த கால்களோடு ஹண்டர் துள்ளினார். ஒரு காலின் குதிகால் நாண் அறுந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது.

வேறு ஒருவராக இருந்தால் படுக்கையில் கிடந்து விதியை நொந்திருப்பார். ஹண்டர் தம் காலையே பாடப் புத்தகமாக்கிக்கொண்டார்.

நாண் அறுந்தால் என்ன ஆகிறது? கெண்டைக்கால் சதை சுருங்கி, அறுந்த மேல் முனையை மேலே இழுத்துக்கொள்கிறது. இரண்டு முனைகளுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியைக் குறைத்தால் நாண் கூட வழி பிறக்கும் என்று ஹண்டர் கணக்கிட்டார். கெண்டைக்கால் சதை சுருங்காதபடி துணியால் கட்டுப் போட்டார். குதிகாலை உயர்த்தி வைத்துக்கொண்டார். ஆனால் காலை முழுவதும் முடக்கிப் போட்டுவிடவில்லை. பாரம் ஏறாதபடி கவனமாக நடமாடவும் செய்தார். கத்தி இல்லை, தையல் இல்லை. கால் ஆறியது.

ஆறியது சரி, உள்ளே நடந்தது என்ன? அதைக் கண்ணால் காணாமல் அவருக்கு உறக்கம் வராது. நாய்களைக் கொண்டு சோதனை செய்தார். கண் படலத்தை விலக்கும் மெல்லிய ஊசியைத் தோலில் சற்றுத் தூரத்தில் நுழைத்து, உள்ளே இருக்கும் நாணை மட்டும் அறுத்தார். தோலில் பெரிய காயம் இல்லை. காற்றும் அழுக்கும் உள்ளே புக வழியில்லை. பிறகு சில நாட்களுக்கு ஒரு நாய், சில வாரங்களுக்கு ஒரு நாய் என்று கொன்று, நாண் எந்த அளவு கூடியிருக்கிறது என்று அறுத்துப் பார்த்தார்.

கேட்கவே மனம் பதைக்கும் காரியம்தான். மயக்க மருந்து இல்லாத காலம். அந்த நாய்கள் பட்ட வேதனைக்கு ஈடு கிடையாது. ஆனால் அவர் கண்டறிந்த உண்மை மருத்துவ உலகில் நிலைத்து நின்றது.

தோல் கிழியாமல் எலும்பு முறிந்தால் அது எப்படிக் கூடுகிறதோ, அப்படியேதான் நாணும் கூடுகிறது. அறுந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டுகிறது. பிறகு அந்த இடத்தைப் புதிய இழைகள் நிரப்புகின்றன. நாளடைவில் அவை இறுகி, இரண்டு முனைகளையும் ஒன்றாகப் பிணைக்கின்றன. இந்த வேலைக்குக் காலம் வேண்டும். அவசரப்படுத்தினால் பிணைப்பு பிய்ந்துபோகும்.

இந்த உண்மையால் பலன் பெற்றவர்கள் பிறவியிலேயே கால் வளைந்த குழந்தைகள். ஜெர்மனியில் ஸ்ட்ரோமயர் என்ற டாக்டர், 1831 முதல், தோலில் சிறு துளையிட்டுக் குதிகால் நாணை அறுத்து, வளைந்த பாதத்தை நிமிர்த்தி ஆறவிட்டார். நாண் நீண்டு கூடியது. கோணல் கால் நேரானது. ஊசியை நுழைத்து நாணை மட்டும் அறுத்த ஹண்டரின் சோதனைதான் இந்த முறைக்கு முன்னோடி.

குதிரைக்கு ஏன் இந்தத் துன்பம்?

மனிதனுக்கு எப்போதோ நேரும் இந்த விபத்து, பந்தயக் குதிரைக்கு அடிக்கடி நேர்கிறது. அதற்குக் காரணம் குதிரைக் காலின் அமைப்பு.

குதிரையின் முன்காலில் முழங்காலுக்குக் கீழே பாருங்கள். சதைப்பற்று ஏறக்குறைய இல்லை. எலும்பும் தோலும் நாணும்தான். சதையெல்லாம் மேலே இருக்கிறது. அதனால் கால் இலேசாக இருக்கிறது; வேகமாக வீசி ஓட முடிகிறது. காலின் பின்புறம் ஓடும் நீண்ட நாண் ரப்பரைப்போல் வேலை செய்கிறது. குளம்பு தரையில் பதியும்போது நீள்கிறது. குளம்பு எழும்பும்போது சுருங்கிக் காலைத் தூக்கிவிடுகிறது.

நாலு கால் பாய்ச்சலில் ஒரு கணம் ஒரே ஒரு முன்கால் மட்டும் தரையில் இருக்கும். அந்தக் கணத்தில் குதிரையின் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட பாரம் அந்த ஒற்றைக்காலில் இறங்குகிறது. குதிரையின் எடை 500 கிலோ என்றால், ஒரு டன்னுக்கும் மேல்! நாண் அறுந்துபோகும் எல்லைக்கு மிக அருகே வரை நீள்கிறது. ஓட்டத்தில் அதன் உட்பகுதி சூடேறி 45 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. ஓடி ஓடி உள்ளே சின்னச் சின்ன இழைகள் நைந்துகொண்டே வருகின்றன. ஒரு நாள், ஒரு தப்படியில், பல இழைகள் ஒன்றாக அறுந்துவிடுகின்றன. காலின் பின்புறம் வில்போல் வளைந்து புடைத்துக்கொள்கிறது.

ஹண்டர் காலத்தில் இதற்கு வைத்தியம் செய்தவர்கள் லாடம் அடிப்பவர்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குதிரையின் காலில் கோடு கோடாகச் சூடு போடுவார்கள். அல்லது தோல் கொப்பளிக்கும்படி காரமான மருந்தைப் பூசுவார்கள். எரிச்சல் உண்டானால் ரத்தம் ஓடிவந்து நாணைக் கூட்டும் என்பது நம்பிக்கை. தேறாத குதிரைகள் துப்பாக்கிக்கு இரையாகும்.

வண்டிக்காரரின் கால்

1768-ல் ஹண்டர், செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியின் ரணசிகிச்சை டாக்டரானார். 1771-ல் ஆன் ஹோம் என்ற பெண்மணியை மணந்தார். அந்த அம்மையார் கவிதை எழுதுவதில் வல்லவர். இசை மேதை ஹைடன் அவருடைய பாடல்களுக்கு மெட்டு அமைத்திருக்கிறார்.

லண்டனுக்கு வெளியே ஏர்ல்ஸ் கோர்ட் என்ற இடத்தில் ஹண்டருக்கு ஒரு வீடு இருந்தது. அது வீடா, மிருகக்காட்சிசாலையா என்று சந்தேகம் வரும். எருமை, தீக்கோழி, நரி, சிறுத்தை எல்லாம் அங்கே இருந்தன. ஒரு நாள் இரண்டு சிறுத்தைகள் சங்கிலியை அறுத்துக்கொண்டு கிளம்பிவிட்டன. ஹண்டர் வெறுங்கையோடு ஓடி, அவற்றைப் பிடித்துக் கூண்டில் சேர்த்தார். சேர்த்த பிறகுதான் தாம் செய்த காரியம் அவருக்கு உறைத்தது. மயக்கமே வரும்போல் ஆகிவிட்டது!

1785-ம் ஆண்டு டிசம்பரில், குதிரை வண்டி ஓட்டும் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வயது நாற்பத்தைந்து. அவருடைய முழங்காலின் பின்புறம் ரத்தக் குழாய் பெரிதாக வீங்கித் துடித்துக்கொண்டிருந்தது. அது வெடித்தால் மரணம். வண்டிக்காரர்களுக்கு இந்த நோய் அடிக்கடி வரும். காலையே வெட்டி எடுப்பதுதான் அப்போது வழக்கமான சிகிச்சை. கால் போனால் வண்டிக்காரருக்குப் பிழைப்பு ஏது?

ஹண்டர் வீக்கத்தைத் தொடவில்லை. அதற்கு மேலே, தொடையில், ரத்தக் குழாயைக் கட்டிவிட்டார். பெரிய வாய்க்காலை அடைத்தால் சின்ன வாய்க்கால்கள் அகன்று, தண்ணீரை வேறு வழியில் கொண்டுபோகும் அல்லவா? அதுபோல் பக்கத்துச் சிறு குழாய்கள் விரிந்து காலுக்கு ரத்தம் கொடுக்கும் என்று எதிர்பார்த்தார். அப்படியே ஆயிற்று. சுமார் ஆறு வாரங்களில் வண்டிக்காரர் இரண்டு காலோடும் வீடு திரும்பினார்.

இங்கேயும் அதே பாடம்தான். வழியை மட்டும் அமைத்துக் கொடு. உடம்பு தன் வேலையைத் தானே செய்துகொள்ளும்.

ஒரு தவறு

பெரியவர்களின் வாழ்க்கையிலும் மாறாத கறை உண்டு. அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த சார்லஸ் பிர்ன் என்ற இளைஞர் ஏழரை அடிக்கு மேல் உயரம். காட்சிப் பொருளாக நின்று பிழைத்தவர். தாம் இறந்தால் டாக்டர்கள் உடலை எடுத்துவிடுவார்களே என்று அஞ்சி, கடலில் அடக்கம் செய்யும்படி நண்பர்களிடம் வேண்டிக்கொண்டார். 1783-ல் இருபத்திரண்டாவது வயதில் இறந்தார். ஹண்டர் பணம் கொடுத்து அந்த உடலைப் பெற்றுவிட்டார். பிர்னின் எலும்புக்கூடு 200 ஆண்டுகளுக்கு மேல் காட்சியில் இருந்தது. 2023-ல் லண்டன் ஹண்டர் கண்காட்சிசாலை புதுப்பித்துத் திறக்கப்பட்டபோதுதான் காட்சியிலிருந்து நீக்கப்பட்டது.

அறிவுப் பசி எவ்வளவு பெரிதானாலும், இறந்தவரின் கடைசி விருப்பத்தைவிடப் பெரிதல்ல என்று உலகம் உணர அவ்வளவு காலம் ஆயிற்று.

குதிரைக்கும் ஒரு கல்லூரி

மனிதனுக்கு டாக்டர் உண்டு. வாயில்லாப் பிராணிக்கு? இங்கிலாந்தில் அதுவரை பள்ளி எதுவும் இல்லை. பிரான்சில் லியோன் நகரில் 1762-ல் பூர்ஷெலா என்பவர் கால்நடை வைத்தியப் பள்ளி திறந்திருந்தார்.

அங்கே பயின்ற சான்பெல் என்பவர் லண்டனுக்கு வந்தார். எந்தப் பந்தயத்திலும் தோற்காத எக்லிப்ஸ் என்ற புகழ்பெற்ற குதிரை 1789-ல் இறந்தபோது, அதன் உடலை அறுத்து அளந்து, அத்தனை வேகத்துக்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்தார். அவருடைய பெயர் பரவியது. 1791-ல் லண்டனில் கால்நடை வைத்தியக் கல்லூரி தோன்றியது. சான்பெல் அதன் முதல் பேராசிரியர்.

அந்தக் கல்லூரிக்கு ஆதரவு கொடுத்த பெரியவர்களுள் ஜான் ஹண்டர் முக்கியமானவர். அங்கே படிக்கும் மாணவர்கள் தம்முடைய விரிவுரைகளை வந்து கேட்க அவர் இடம் கொடுத்தார். அவருக்கு மனித வைத்தியம் வேறு, குதிரை வைத்தியம் வேறு அல்ல. நாயின் நாணும் மனிதனின் நாணும் ஒரே விதமாகக் கூடுவதைக் கண்டவர் அல்லவா?

லங்காஷயரைச் சேர்ந்த வில்லியம் மூர்கிராப்ட் என்ற இளைஞர், மனித வைத்தியத்தை விட்டுக் கால்நடை வைத்தியம் படிக்க விரும்பினார். ஹண்டரிடம் யோசனை கேட்டார். ஹண்டர் காட்டிய வழியில் அவர் லியோன் சென்று படித்தார். முறையாகக் கால்நடை வைத்தியம் பயின்ற முதல் ஆங்கிலேயர் என்று பெயர் பெற்றார். அவரே 1808-ல் இந்தியாவுக்கு வந்து, பீகாரில் பூசா என்ற ஊரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணையை நடத்தினார். நல்ல குதிரைகளைத் தேடி இமயம் கடந்து புகாராவரை சென்றார். திரும்பும் வழியில் 1825-ல் உயிர் துறந்தார்.

ஹண்டரின் இன்னொரு மாணவர் எட்வர்ட் ஜென்னர். பசு அம்மைப் பாலைக் கொண்டு மனிதனை அம்மை நோயிலிருந்து காக்கும் வழியை 1796-ல் கண்டவர். மிருகத்தைக் கவனித்தால் மனிதனுக்கு வழி பிறக்கும் என்பது குரு கற்பித்த பாடம்.

ஆஸ்பத்திரியிலேயே முடிவு

ஹண்டருக்கு நெடுநாளாக மார்வலி இருந்தது. கோபம் வந்தால் வலி வரும். கோபமோ அவருடைய கூடப் பிறந்த குணம். 1793-ம் ஆண்டு அக்டோபர் 16-ம் தேதி, செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் நிர்வாகக் கூட்டம் நடந்தது. இரண்டு மாணவர்களைச் சேர்ப்பது பற்றி வாக்குவாதம் எழுந்தது. ஒருவர் எதிர்த்துப் பேசினார். ஹண்டருக்குக் கோபம் பொங்கியது. அதை அடக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். அங்கேயே சாய்ந்து உயிர்விட்டார். வயது அறுபத்தைந்து.

சம்பாதித்த பணம் முழுவதையும் அவர் தம் கண்காட்சிசாலைக்கே செலவிட்டிருந்தார். சுமார் 14,000 பொருள்கள் அதில் இருந்தன. குடும்பத்துக்கு மிஞ்சியது கடன்தான். வில்லியம் கிளிப்ட் என்ற இளம் உதவியாளர் சொற்பச் சம்பளத்தில் ஆறு ஆண்டுகள் அந்தச் செல்வத்தைக் காத்து நின்றார். 1799-ல் அரசாங்கம் 15,000 பவுன் கொடுத்து அதை வாங்கியது. ஹண்டரின் கையெழுத்துப் பிரதிகளில் பெரும் பகுதியை அவருடைய மைத்துனரே 1823-ல் தீயிட்டுவிட்டார். முன்கூட்டியே கிளிப்ட் எழுதி வைத்திருந்த நகல்களால் ஒரு பகுதி தப்பியது.

1859-ல் ஹண்டரின் உடல் பழைய கல்லறையிலிருந்து எடுக்கப்பட்டு, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், நாட்டின் தலைவர்களுக்கும் மேதைகளுக்கும் நடுவே அடக்கம் செய்யப்பட்டது.

குதிரைக்கு நீதி கிடைத்த நாள்

ஹண்டர் மறைந்த பிறகும் குதிரைகளின் காலில் சூடு போடுவது நிற்கவில்லை. நாண் தானே கூடும், காலம் கொடுங்கள் என்ற பாடத்தை மனிதனுக்கு ஏற்றுக்கொண்டவர்கள், குதிரைக்கு ஏற்றுக்கொள்ளவில்லை. 19-ம் நூற்றாண்டு முழுவதும் சூடு. 20-ம் நூற்றாண்டிலும் சூடு.

சூடு போட்ட குதிரைகளில் சில தேறியதும் உண்டு. எதனால்? சூடு போட்ட குதிரையை மாதக் கணக்கில் ஓடவிட மாட்டார்கள். ஓய்வு செய்த வேலைக்குச் சூடு பெயர் வாங்கிக்கொண்டது!

1983-ல் பிரிட்டனில் கால்நடை வைத்திய விஞ்ஞானிகள் விரிவான ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டார்கள். சூடு போடுவதால் அறுந்த நாணுக்கு ஒரு நன்மையும் இல்லை என்று அதில் காட்டினார்கள். ஹண்டர் தம் கால் நாணை அறுத்துக்கொண்ட ஆண்டிலிருந்து எண்ணினால் 216 ஆண்டுகள்!

இன்று நாண் அறுந்த குதிரைக்கு என்ன செய்கிறார்கள்? முதலில் குளிர்ந்த நீராலும் கட்டாலும் வீக்கத்தை அடக்குகிறார்கள். சில வாரம் லாயத்தில் ஓய்வு. பிறகு கையில் பிடித்து நாள்தோறும் சிறிது நேரம் நடத்துகிறார்கள். நடையின் அளவை மெல்ல மெல்லக் கூட்டுகிறார்கள். காதுக்குக் கேட்காத ஒலி அலைகளைச் செலுத்திப் படம் எடுத்து, இழைகள் எவ்வளவு கூடியிருக்கின்றன என்று பார்க்கிறார்கள். மறுபடி பந்தயத்துக்கு வர ஒன்பது மாதம், ஒரு வருஷம், அதற்கு மேலும் ஆகலாம்.

அப்படிக் கூடினாலும் பழைய நாண் திரும்புவதில்லை. அறுந்த இடத்தில் உண்டாவது தழும்புத் திசு. அதற்குப் பழைய ரப்பர்த்தன்மை கிடையாது. அதனால் குணமான குதிரைகளிலும் பல மறுபடியும் நாண் அறுந்து விழுகின்றன. உடம்பின் ஆதி அணுக்களைக் கொண்டு நல்ல நாணை வளர்க்க முடியுமா என்று இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் முயன்று வருகிறார்கள்.

ஓய்வு, இழுப்பைத் தளர்த்துதல், அளவான நடை, பொறுமை. 1767-ல் ஜான் ஹண்டர் தம் காலுக்குச் செய்துகொண்டதும் இவற்றைத்தான். பேசத் தெரியாத குதிரைக்கு அந்த வைத்தியம் வந்து சேர இரண்டு நூற்றாண்டு பிடித்தது.